காருக்குப் பின்னால் நின்ற சவரிமுத்து அண்ணன்

சவரிமுத்து அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது நான் ஒரு காரின் பின்கண்ணாடியில் பழைய சன் பிலிமை உரித்துக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் சோப்புத் தண்ணீர். போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது, மூன்றாம் முறைதான் எடுத்தேன். அவர் மனைவி மேரி அண்ணி. "சேகரு, அவரு போயிட்டாருபா. காபி வச்சுட்டு எழுப்புறேன், எழுந்திருக்கல" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாதி உரித்த கண்ணாடியைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஏற்கெனவே இருந்த அசதி இன்னும் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான்.

வில்லியனூர் மெயின் ரோட்டில் எங்கள் கடைக்கு வண்டி கொண்டுவந்த உங்களுக்கெல்லாம் அவரை நன்றாகத் தெரியும். கூட்டாக வைத்த கடை. கண்ணாடி மாற்றுவது அவர், பிலிம் ஒட்டுவது நான். பிலிம் ஒட்டக் கூடாது என்று போலீஸ் கெடுபிடி வரும்போதெல்லாம் ஒட்டியதை உரித்துக் கொடுப்பதும் நாங்களேதான். கெடுபிடி தளர்ந்ததும் அதே ஆள் அதே காரோடு வந்து நிற்பார். "ஒட்டறதுக்கும் உரிக்கிறதுக்கும் நடுவுலதாம்பா நம்ம சோறு" என்று அண்ணன் பெருமூச்சு விடுவார்.

புதுக் காரின் கண்ணாடியே லேசான பச்சையாக இருக்கிறதே, பிறகு எதற்குப் பிலிம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை அண்ணன் உட்கார வைத்துப் பேசுவார். கம்பெனிக் கண்ணாடியில் நிறம் கண்ணாடியோடு கலந்தே வருகிறது, அது உரியாது, குமிழ் விடாது, சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கும். கண் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் வெக்கையை அவ்வளவாகக் குறைக்காது. நல்ல பிலிம் வெக்கையைத் தடுக்கும். மட்டமான பிலிம் கறுப்பாக மட்டும் இருந்து, சில கோடைகள் போனதும் ஊதாவாகிப்போகும். "வெயில தடுக்கறது வேற, வெளிச்சத்த தடுக்கறது வேற சார். கறுப்பா இருந்தா குளுகுளுன்னு இருக்கும்னு எவனோ கெளப்பி வுட்டுட்டான்" என்பார். என் வியாபாரத்தை என் முன்னாலேயே கெடுக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

காட்டேரிக்குப்பத்துக்காரர் ஒருவர் மகன் கல்யாணத்துக்காக வாங்கிய காருக்கு நான்கு பக்கமும் கறுப்புக் கேட்டு வந்தார். "ஊர்கோலத்துல பொண்ணும் மாப்ளயும் உள்ள இருக்காங்களா இல்லயான்னு ஜனம் எப்பிடிப்பா பாக்கும்?" என்று அண்ணன் கேட்டதும் அவர் சிரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். எனக்கு அன்றைக்கு வேறு வேலையே வரவில்லை.

ஒட்டி முடித்தாலும் பொழுது சாயும்வரை வண்டியைக் கொடுக்க விட மாட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் உரிமையாளரை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்துவிட்டு, தான் காருக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்குவார். "இன்னா சார், எத்தன வெரலு?" தப்பாகச் சொன்னால் அப்போதே உரிக்க வேண்டும். வாத்தியார் ஒருவர், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால்தான் தெரியவில்லை என்று வாதாடினார். "அப்ப இன்னும் மோசம் சார்" என்று சொல்லிவிட்டு அண்ணன் பிளேடை எடுத்தார்.

இனி சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன்பு அண்ணன் ஒரு பகல் முழுக்கப் பாகூரில் வேலையாக இருந்தார். எங்கள் வாடிக்கையாளரான கரும்பு விவசாயி ஒருவர், கம்பெனி நிறத்தோடு வந்திருந்த பின்கண்ணாடி மேலேயே அடர் கறுப்பு ஒட்டச் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று அண்ணன் ஒருநாளும் அதற்குச் சம்மதித்ததில்லை. எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை, ஒட்டினேன். பொழுது சாய்ந்த பிறகும் விரல் காட்டாமல் சாவியைக் கொடுத்தேன். அந்த நேரம் திரும்பி வந்த அண்ணன், பிலிமிலிருந்து உரித்து நான் இறைத்துப் போட்டிருந்த தாள்களைப் பொறுக்கக் காருக்குப் பின்னால் குனிந்தார். வண்டி பின்னால் வந்தது. பம்பர் அவர் இடுப்பில் இடித்ததை நான் பார்த்தேன்.

நான் கத்தியதைக் கேட்டு அந்த விவசாயி இறங்கி ஓடிவந்தார். சோப்புத் தண்ணீரில் கிடந்த அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம், "ஒண்ணுமில்ல சார், வழுக்கிடுச்சு" என்றார். என்னிடம், "சேகரு, மொதல்ல அந்தப் பின்கண்ணாடிய உரி" என்றார். அவர் வலியில் முனகிக்கொண்டு கிடக்க, நான் உரித்தேன்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது, "கேஸாச்சுன்னா கடைய மூடிடுவான். ரெண்டு வூட்டு அடுப்பு எரியணும். நான் வழுக்கி வுழுந்தேன், அவ்ளோதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. இடுப்பில் தகடு வைத்தார்கள், கடைசிவரை சாய்ந்தேதான் நடந்தார். 'சோப்புத் தண்ணி சவரி' என்று நீங்கள் கேலி செய்தீர்கள். உங்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"பாத்து நடக்கத் தெரியாத மனுசன்னு பத்து வருசமா தெனம் திட்டுனேனேபா" என்றார். "புள்ளைங்க எதிர்ல, சம்பந்திங்க எதிர்ல திட்டியிருக்கேன். ஆமாண்டி, கண்ணு பொடணியில இருந்துச்சுன்னு சொல்லுவாரு. வேற ஒரு வார்த்த பேசல."

அண்ணி மறுபடி நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் உதவப் போனபோது, "இருக்கட்டும்பா, நானே பாத்துக்கறேன்" என்றார்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று அன்றைக்குச் சிலர் கேட்டீர்கள். பத்து வருஷம் எனக்குப் பதிலாக அவர் வாங்கிக்கொண்ட அந்தத் திட்டைத்தான் வைத்திருக்கிறேன். அது எனக்கு வரவேண்டியது. அதற்காகவே வாராவாரம் அந்த வீட்டுக்குப் போகிறேன். அண்ணி காபி கொடுக்கிறார். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.