பதினோரு நாள் அழுகை

அவரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாம்புக்காது அக்கா என்போம். "பாம்புக்கு ஏதுடி காது?" என்று சிரிப்பார். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு மின்விசிறித் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தார். ஓடுகிற மோட்டார் பக்கம் தலையைச் சாய்த்து, "இது ஆறு மாசம் தாங்காது" என்பார். தாங்காது.

எங்கள் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. கர்ப்பகாலத்தில் மது, புகையிலை, வலி மாத்திரை, தூக்க மருந்து என்று எதற்காவது பழகிப்போன தாய்மாரின் குழந்தைகள் பிறந்ததும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பது. பிறந்த மூன்றாம் நாள் குழந்தை அழுவதைப் பதிவு செய்வார்கள். அதை ஹெட்போனில் கேட்டு, எவ்வளவு நேரம், குரல் எங்கே உச்சத்துக்குப் போகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று தாளில் குறிப்பது அக்காவின் வேலை. எந்தத் தாய் என்ன எடுத்தாள் என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள்; எண் மட்டும்தான். குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவது நான். ஜன்னல் கிடையாத அறை. வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

ஒருநாள் காலை பதினொரு மணி இருக்கும். அக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அதை நிறுத்துடி."

"நின்னுதான்க்கா இருக்கு." திரையைக் காட்டினேன். கோடு அசையாமல் கிடந்தது.

"அப்ப யார் அழறது?"

எங்கள் இருவரைத் தவிர அறையில் ஈ காக்கை இல்லை. இரண்டு நிமிஷம் போல அவர் சுவர் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நின்னுடுச்சு" என்று அடுத்த பதிவை எடுத்தார்.

அன்றிலிருந்து சில தாள்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். கேட்டால், "தெரிஞ்ச அழுகை" என்பார். அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டார்.

நான்கு மாதம் கழித்து, ஆய்வை நடத்திய டாக்டரம்மா எண்களுக்குரிய விவரங்களைத் திறந்தார். புள்ளி வைத்த தாள்கள் பதினைந்து. அதில் பதினான்கு தாய்மார் அபின் வகை மருந்துக்குப் பழகியவர்கள். பதினைந்தாமவள், எதுவும் எடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

"மெஷினே திணறுது. எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"என் மூத்தவ இப்படித்தான் அழுதா. பதினோரு நாள்."

இரண்டாம் நாளே கைகால் உதறியதாம். ஓயாத தும்மல். மார்பில் வைத்தால் உறிஞ்சத் தெரியவில்லை. காதில் ஊசி ஏற்றுவதுபோல ஒரே அழுகை. மாமியார் காத்துக் கருப்பு என்றார். மற்றவர்கள் இவருடைய பாலைக் குறை சொன்னார்கள். பதினோராம் நாள் மாலை சத்தம் நின்றுவிட்டது; மூச்சும்தான்.

"வயித்துல இருந்தப்ப ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணுமில்லையே. இருமல் டானிக் மட்டும். எட்டு மாசமும் குடிச்சேன். குடிச்சா இருமலும் இல்ல, கவலையும் இல்ல."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "அன்னைக்கு யாரும் பரிசோதனை பண்ணல, அதனால உறுதியா சொல்ல முடியாதும்மா. அந்த மாதிரி டானிக் சிலதுல அபின் வகை மருந்து இருக்கும். அதுவா இருக்கலாம். உங்ககிட்ட யாரும் சொல்லலையே, உங்கமேல என்ன தப்பு?"

அக்கா அந்தப் பதினைந்தாவது தாளை இழுத்துப் பார்த்தார். "நானும் இப்படித்தான் எழுதிக் குடுத்திருப்பேன்."

வீட்டில் நடந்ததை மறுநாள் என்னிடம் சொன்னார். கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அந்த இருமல் டானிக் ஞாபகம் இருக்கா?"

"நான்தானே வாங்கிட்டு வருவேன். உனக்கு நல்லாத் தூக்கம் வருமே."

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவர் இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு கேட்டார்: "அவ இன்னும் அழறாளே, உனக்குக் கேக்கறதில்லையா?"

இருபத்தெட்டு வருஷமாக அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்ததாம். பகலில் திடீரென்று எழுந்து பின்னறைக்குப் போய் நிற்பார். கண்ணாடி தேடுகிறார் என்றே அக்கா நினைத்திருந்தார்.

"பாம்புக்காதுன்னு பேரு மட்டும் எனக்குடி. எனக்கு அன்னைக்கு ஒருதரம்தான். இத்தனை வருஷமும் கேட்டதெல்லாம் அவருக்கு."

அடுத்த வாரமே வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கர்ப்பிணிகளிடம் 'மருந்து' என்ற சொல்லையே எடுக்கமாட்டார். முதலில் தன் கதையைச் சொல்வார். பிறகு, "இருமுனா என்ன குடிப்பே? தூக்கம் வரலைன்னா?" என்பார். ஏழு மாதக்காரி ஒருத்தி பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். "குழந்தையப் பிடுங்கிக்குவாங்களாக்கா?" என்று அழுதாள். சட்டென்று நிறுத்தினால் வயிற்றுப் பிள்ளைக்கே ஆபத்து என்று டாக்டரம்மா வேறு மருந்துக்கு மாற்றி, கண்காணிப்பிலேயே வைத்திருந்தார். பிறந்த குழந்தையும் ஒன்பது நாள் நடுங்கியது. வெளிச்சம் குறைந்த அறையில், தாயின் நெஞ்சோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் நன்றாகப் பால் குடித்து வீட்டுக்குப் போனது.

ஹெட்போன் வேலை இப்போது எனக்கு. இதுவரை பதிவில் உள்ளதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. ஆனாலும், ஏதாவது கேட்டால் வெளியிலிருந்து வந்ததென்று நினைத்துக்கொள்ள, கதவை ஒரு சாண் திறந்தே வைக்கிறேன். வெளிச்சத்தம் கலந்துவிடுகிறது என்று தினம் திட்டு விழுகிறது. விழட்டும்.