கேட்டு வரைக்கும் படித்தவர்கள்

கல்லூரி லேப் அசிஸ்டென்ட் வேலையில் மெஷின் ஓடினால் பெயர் பேராசிரியருக்கு, நின்றால் திட்டு நமக்கு. இதே வேலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் எங்கள் கல்லூரிக்கு ஸ்மார்ட் கிளாஸ் வந்தது. ஆளுக்கொரு டேப்லெட், பெரிய போர்டு, யார் எவ்வளவு படித்தார்கள் என்று கல்லூரி நெட் வழியே என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். கம்பெனி சோதனைக்காகத்தான் கொடுத்திருந்தது. பிள்ளைகள் பயன்படுத்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொள்ளப் போட்ட என் ஒப்பந்த வேலையும் கூடவே போய்விடும்.

செருப்பு வரிசை

டேப்லெட் கொடுத்த மறுநாள் வகுப்பே வெறுங்கையோடு லேபுக்குள் வந்து உட்கார்ந்தது. வெளியே எட்டிப் பார்த்தால், கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் டேப்லெட்டுகள் வரிசையாக இருக்கின்றன.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் லீவு நாளில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே செல்போனைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலில் வந்த நாரணாபுரம் மாரிச்செல்வி வெளியே வைத்திருக்கிறாள், பின்னால் வந்தவர்களும் பார்த்து வைத்துவிட்டார்கள். "கை தன்னால வச்சிருச்சு ராபியாக்கா. இங்கன உள்ள கொண்டு வரலாமா?" என்றாள்.

நெட் படுத்த சனிக்கிழமை

தீபாவளி சீசன் வந்தால் பாதி வகுப்பு லீவு போட்டுவிட்டு ஆலைக்குப் போய்விடும். ஃபீஸ் கட்டுவதே அந்தச் சம்பளத்தில்தான். சீசன் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, போகிறவர்கள் எல்லாரும் லேபில் கூடி டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நெட் நகரவே இல்லை. ஆபீஸிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. "படமா எறக்குறீக? எந்திரிங்க எல்லாரும்" என்று சத்தம் போட்டேன். மாரிச்செல்வி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்கக்கா, முடியப் போகுது."

அட்டைப் பெட்டியோடு வந்தவர்

சீசன் முழுக்க என் கம்ப்யூட்டரில் அவர்கள் பெயருக்கு நேரே ஒன்றுமே ஏறவில்லை. தீபாவளி முடிந்ததும் சென்னையிலிருந்து கம்பெனிக்காரர் அட்டைப் பெட்டிகளோடு வந்துவிட்டார். "உங்க பசங்கள்ல பாதிப் பேருக்கு இதுல இஷ்டமே இல்லை மேடம்" என்றார். அண்ணனுடைய வத்தல் கடையில் பில் போட உட்கார வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், டேப்லெட்டும் கையுமாக. உள்ளே வந்ததும் நெட் பிடித்தது. மாரிச்செல்வி பெயருக்கு நேரே ஒரு பாடம் ஏறியது, பிறகு இன்னொன்று. அப்புறம் ஆலைக்குப் போன அத்தனை பேருக்கும் ஏறத் தொடங்கியது. எல்லாம் காலையிலும் சாயங்காலமும் படித்தவை என்று நேரமும் கூடவே காட்டியது. கம்பெனிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நெட் இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டார்.

"லீவுக்கு முந்தின சனிக்கிழமையே எல்லாப் பாடத்தையும் எறக்கிட்டோம் சார். ஆலை வேன்ல போகையிலயும் வரையிலயும் படிச்சோம். கேட்டு வந்ததும் வாட்ச்மேன் தாத்தாகிட்ட குடுத்துருவோம்" என்றாள் மாரிச்செல்வி.

அவர் பெட்டிகளைக் காலியாகவே தூக்கிக்கொண்டு போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அடுப்பு எரிவது அந்தப் பிள்ளைகளால்தான். "ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா தாயி?" என்றேன். மாரிச்செல்வி சிரித்தாள்: "சொல்லத்தான் வந்தோம், நீங்கதான் படம் எறக்குறோம்னு வஞ்சீகளேக்கா."

ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். ஆனால் என் சம்பளத்தைக் காப்பாற்றிக் கொடுத்த அதே பிள்ளைகளைத்தான், நெட் படுத்தால் இன்றைக்கும் முதலில் வைகிறேன்.