ஒற்றை உளுந்துச் செடி

எங்கள் சித்தப்பாவுக்குத் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளத் தெரியாது. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு தடவை ஜெயித்த மாதிரி ஒரு மயக்கத்தைக் கொடுத்தவள் நான். அப்போது மூன்றாம் வகுப்பு.

பாகூர் பக்கம் நெல் அறுப்புக்கு முன்பே வயல் ஈரத்தில் உளுந்தைத் தூவிவிடுவார்கள். தாளுக்கு நடுவே அது பாட்டுக்கு முளைத்து வரும், பெரிதாக வேலை வைக்காது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சித்தப்பா குத்தகைக்கு வைத்திருந்த நிலத்திலும் அப்படித்தான். வாரம் ஆறு நாள் கம்பெனி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயம். அந்த உளுந்தை இரண்டு வருஷமாக மஞ்சள் தேமல் நோய் தின்றுகொண்டிருந்தது. இலையில் பொட்டுப் பொட்டாக ஆரம்பித்து இலை முழுக்க மஞ்சளாகிவிடும், காய் பிடிக்காது. இந்த வருஷமும் போனால் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் சித்தப்பா சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தை மாதம் எனக்கு அம்மை போட்டது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகும், பொருக்கெல்லாம் உதிர்ந்தால்தான் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ஆத்திரத்தில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் முளைத்திருந்த ஒரு உளுந்துச் செடிக்கு அம்மை போட்டுவிட்டதாக வைத்துக்கொண்டேன். நாலு குச்சி நட்டேன். அம்மாவின் கிழிந்த நைலக்ஸ் புடவையில் ஒரு துண்டை மேலேயும் சுற்றியும் போட்டு, ஓரத்தை மண்ணால் அமுக்கி, வேப்பிலை செருகினேன். யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். தண்ணீரைக்கூடத் துணிக்கு மேலேயே ஊற்றினேன். அந்த மாதம் சித்தப்பாவுக்கு ஞாயிறும் ஓவர்டைம், அதனால் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. மறுபடி பள்ளிக்கூடம் போகும் நாள் வந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு மறந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வயல் முழுக்க மஞ்சள். கொட்டகைக்குப் பின்னால் ஒரே ஒரு செடி மட்டும் கரும்பச்சையாகப் பூவும் பிஞ்சுமாக நின்றது. "இன்னா பாரு! இன்னா பாரு இத!" என்று அழாத குறையாகக் கத்தினார். கூட்டத்தில் நானும் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வேளாண் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "ஒரு செடி எப்பிடியோ தப்பிச்சிருக்கலாம்ங்க. எதிர்ப்பு சக்தி விதையிலயே இருக்கணும். நோய் புடிச்ச செடிங்களுக்கு நடுவுல இதோட விதைய வளத்துப் பாத்தாதான் தெரியும். நோய் தாங்குற ரகம் எங்ககிட்ட இருக்கு, வாங்கிக்குங்க."

"நடுவுலதாம்மா நின்னுச்சு, அதுக்கு மேல இன்னா பாக்கணும்?" என்றார் சித்தப்பா.

அந்தச் செடியின் விதையைப் புரட்டாசியில் கொல்லையில் பாத்தி கட்டிப் போட்டார். மழைக்காலம். ஒரு இலைகூட மஞ்சளாகவில்லை. சித்தப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. எங்க உளுந்துக்கு இனிமேல் நோயே வராது என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டு வந்தார். கிடைத்த விதையைச் சித்தி சாம்பல் கலந்து தனிப் பானையில் கட்டி வைத்தாள். தை மாதம் அதை மட்டுமே வயலில் தூவினார். ஆபீஸ் விதையை வாங்கவே இல்லை.

மாசியில் ஒரு செடி பாக்கியில்லாமல் மஞ்சளாகிப்போனது.

இந்த நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. மழையில் அது குறைந்துவிடும், மெல்லிய துணியைத் தாண்டி அதனால் வர முடியாது. இதைப் பிளஸ் டூ படிக்கும்போது தெரிந்துகொண்டேன். சித்தப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

ஏனென்றால் அந்த மாசியிலேயே அவர் தோல்விக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார். சித்தி கடை உளுந்தை அந்தப் பானையில் கலந்துவிட்டாளாம். "என் விதைய மாத்திட்டியேடி, பாவி" என்று வாசலில் நின்று கத்தினார். அவள் சாமி படத்தில் அடித்துச் சத்தியம் செய்தாள். மூன்றாம் நாள் கை நீட்டிவிட்டார். சித்தி ஒரு பையில் நாலு புடவையைத் திணித்துக்கொண்டு கரையாம்புத்தூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பெரியவர்கள் யாரும் அவள் பக்கம் பேசவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து நின்றாள்.

"நீ எப்பவும் என் கூடவேதானடி இருந்த. நீயாவது சொல்லு. நான் இன்னாடி பண்ணேன்? அந்த வெத ஏன் இப்பிடிப் போச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.