பூட்டிய வீட்டின் படம்

அந்த வருஷம் சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டியது. மாம்பலம் ஸ்டேஷனில் ஏறுகிற கூட்டம்தான், இறங்க ஆள் இல்லை. தியாகராய நகரில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவின் முதலாளியும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். சாவியை என் கையில் கொடுத்து, "தூசி படாம பாத்துக்க" என்றார். நான் அங்கே படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டுகளைக் கழுவுகிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மூன்று ஊர்களில் நான்கு வேலை பார்த்து, எதிலும் ஆறு மாதம் தங்காதவன். போவதற்கு எனக்கு ஊர் இல்லை, அதனால் இருந்தேன்.

காலியான ஸ்டூடியோவில் உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து வைத்தால் நாய்தான் எட்டிப் பார்த்தது. காமிராவையும் ஸ்டாண்டையும் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். பாண்டி பஜாரில் எங்கோ குழாய் ஒழுகுகிற சத்தம் கேட்டது. ஆளே இல்லாத தெருவை எப்படிப் படம் எடுப்பது என்று புரியாமல் பல இடங்களில் ஸ்டாண்டை விரித்து மடித்தேன். பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். வெறும் தெருவுக்கு ஒன்றைச் செலவழிக்க மனசு வரவில்லை. பம்பாய்க்குப் போய்விடலாமா என்று தினமும் சாயந்திரம் தோன்றும். காலையில் பசியில் அது மறந்துவிடும்.

அப்போதுதான் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பென்ஷன் வாங்குகிற ஒரு ஹெட்கிளார்க், எங்கள் பழைய வாடிக்கையாளர். மயிலாப்பூரில் அடையாற்றுப் பக்கமாக இருந்த தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். "மாதம் ஒரு முறை என் வீட்டைப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பவும். பூட்டு தெரிய வேண்டும். ஓடு உடைந்திருந்தால் அதுவும் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தார். முதலாளி இல்லை என்று நான் பதில் போடவில்லை. வைகாசியில் போய், கேட்டுக்கு நேர் எதிரே ஸ்டாண்டை வைத்து, வாசற்படியிலிருந்து கூரை வரைக்கும் எடுத்து அனுப்பினேன். நல்ல படம். வெள்ளைச் சுவர், முன் வராந்தா, கதவில் பெரிய பூட்டு. திருப்தி என்று ஒரு கார்டு வந்தது.

ஆனியில் போனபோது வராந்தாவில் பானை இருந்தது. மூலையில் மூன்று கல் அடுப்பு, கொடியில் சிவப்புப் புடவை. ஒரு பெண் எழுந்து நின்றாள். வயிறு தெரிந்தது, ஐந்தோ ஆறோ மாதம்.

"இன்னா நைனா, போலீசா?"

"போட்டோக்காரன்."

"பூட்டு மேல கைய வெக்கல. வெளிய தான் கீறோம்."

ஆற்றங்கரைக் குப்பம் வெயிலில் பற்றி எரிந்ததில் அவர்கள் குடிசையும் போய்விட்டது. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், விடிவதற்கு முன்னால் போய்விடுவான். "புள்ள பொறக்கிற வரிக்கும் மேல ஒரு கூரை இருந்தா போதும். அப்பால நாங்க போய்க்கினே இருப்போம்" என்றாள். தெருவில் பெற்றுக்கொள்ள முடியாது என்பதுதான் அவள் பயம். குப்பத்தில் ஒருத்தி அப்படி மழையில் பெற்று, குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டதாம்.

எனக்குப் பெரிய தர்மசிந்தனை எதுவும் கிடையாது. நானும் பல ஊர்களில் பிறர் வராந்தாவில் படுத்தவன்தான், அவ்வளவே. வீட்டுக்காரர் அவளைப் பார்க்கக் கூடாது. படமும் போயாக வேண்டும்.

ஸ்டாண்டைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினேன். வராந்தாத் தூண் அடுப்பை மறைத்தது. இன்னும் இரண்டடி போனால் பானையும் மறையும், ஆனால் பூட்டு தப்பிவிடும். முன்னும் பின்னும் போய்வந்து ஒரு இடத்தைப் பிடித்தேன். புடவைதான் தொந்தரவு.

"அந்தச் செவப்பை எடுத்துடுக்கா. வேற எதாவது இருக்கா?"

"ஊதா ஒண்ணு கீது. ஈரம். அத்த எங்க போட?"

"அதை அங்கேயே போடு. ஊதா படத்துல வெள்ளையாயிடும், சுவரோட சுவரா போயிடும். சிவப்புதான் கருப்பா தெரியும்."

"இன்னா நைனா, உன் பொட்டிக்கு நொள்ளக் கண்ணா?" என்று சிரித்தாள். நாங்கள் வாங்கிய பிளேட்டுகளுக்குச் சிவப்பு தெரியாதுதான். அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குங்குமப் பொட்டெல்லாம் கரிப் பொட்டாக விழுவதைக் கழுவிக் கழுவித் தெரிந்துகொண்டேன்.

அவள் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஒரே பிளேட், எடுத்தேன். ஸ்டூடியோவுக்கு வந்து கழுவிப் பார்த்தால் அடுப்பு இல்லை, பானை இல்லை, புடவை சுவரில் கரைந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் வாசலில் கோலம் இருந்தது. எட்டுப் புள்ளிக் கோலம், புள்ளி பிசகாமல், பளிச்சென்று. பூட்டிய வீட்டு வாசலில் கோலம்! அவளை ஒளித்துவைக்கத் தூணைத் தேடிக்கொண்டிருந்த நான், காமிராவுக்கு முன்னாலேயே இருந்ததைப் பார்க்கவில்லை.

வேறு பிளேட் இல்லை. அச்சுப் போடும்போது கீழ்ப்பக்கம் இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுப்புத் தாளை வைத்து மறைத்தேன். வாசற்படியே இல்லாத வீடு தஞ்சாவூர் போனது.

மறுநாளே மயிலாப்பூருக்கு நடந்தேன். "எதுக்குக்கா கோலம் போட்ட?"

"போடாம?" என்று என்னையே கேட்டாள். "கோலம் போடாத வூட்டு வாசல்ல குந்தி சோறு துன்னா, மூஞ்சி கயுவாம துன்ற மாதிரி கீது."

"படத்துல விழுது."

"நீ வர்ற அன்னிக்கு அயிச்சிடறேன். மத்த நாளு போடுவேன். இன்னொருத்தர் வூடு, நம்மளால மூதேவியாவக் கூடாது."

ஆடியில் அவள் கோலத்தை அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் அடுப்புக்கு மேலே சுவர் ஆள் உயரத்துக்குக் கரி பிடித்திருந்தது. அதை மறைக்கிற தூண் எந்த வீட்டிலும் இல்லை. எடுத்துவிட்டு, வலது பக்கத்தில் பாதி வராந்தாவைத் தாளால் மறைத்தேன். அழிந்த கோலத்தின் மாவு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. கீழேயும் மறைத்தேன். மிஞ்சியது கதவு, பூட்டு, மேலே நாலு ஓடு. அனுப்பிவிட்டு இரண்டு நாள் அடையாற்றுக் கரையில் சும்மா சுற்றினேன். ஸ்டூடியோவுக்குப் போகவே கால் வரவில்லை.

பயந்தபடியே கடிதம் வந்தது. "வைகாசியில் வீடு முழுதும் இருந்தது. ஆனியில் வாசற்படியைக் காணோம். ஆடியில் பாதி வராந்தாவையும் காணோம். ஆவணியில் பூட்டை மட்டும் அனுப்புவீர்களோ? கேட்டிலிருந்து கூரை வரை முழுப்படம் வேண்டும். இல்லையேல் நேரில் வருவேன்."

கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது, கால் இரண்டும் வீங்கியிருந்தன. சாமான்களைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் அடுத்த சந்தில் போய் இருக்கலாம், நானும் ஒரு கை பிடிக்கிறேன் என்றேன். பானையை எடுத்தாள். இரண்டடி வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பானைய தூக்கலாம் நைனா. கரிப் புட்ச்ச செவுத்த எங்க தூக்கிக்கினு போவ?"

"சுண்ணாம்பு வாங்கிட்டு வரட்டா?"

"அட வுடு. மூணு மாசமா தூணுக்குப் பின்னாடி நின்னு நின்னு அலுத்துப்போச்சு." பானையை இறக்கிவிட்டு, வராந்தா நடுவில் உட்கார்ந்தாள். "எடு. கீறத எடு. வந்து தொரத்துனா அப்ப பாத்துக்கலாம். ஊதாவா செவப்பா, இன்னா கட்டிக்கட்டும்?"

"உனக்கு எது இஷ்டமோ அது."

சிவப்பைக் கட்டிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு நேர் எதிரே, வைகாசியில் வைத்த அதே இடத்தில் ஸ்டாண்டை வைத்தேன். பூட்டு, ஓடு, கரிச்சுவர், அடுப்பு, வாசலில் முழுக் கோலம். நடுவில் அவள், வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே மை போலக் கறுப்பாக விழுந்தாள். ஓரம் எதையும் மறைக்காமல் அச்சுப் போட்டேன். அதுவரை நான் எடுத்ததில் ஒழுங்காக அமைந்த படம் அதுதான். அன்றே தபாலில் போட்டேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். தபால்காரன் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். பம்பாய்க்குப் போகலாமென்றால், அவர் வந்து அவளைத் துரத்தும்போது நான் இல்லாமல் போவேனே என்றிருந்தது. இருந்து என்ன செய்துவிடுவேன் என்றும் தெரியவில்லை. ஆவணி கடைசியில் ஒரு விடியற்காலையில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த வராந்தாவில் பெண் குழந்தை பிறந்தது. குப்பத்துக் கிழவி ஒருத்தி வந்து பார்த்தாளாம்.

ஐந்தாம் நாள் ஹெட்கிளார்க் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். கையில் பை, குடை. மாம்பலத்தில் இறங்கி நேரே வந்திருந்தார். சாகப் போகிறவன் மாதிரி நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"கடைசிப் படம் வரவே இல்லையேப்பா."

"அனுப்பினேன் சார்."

"வரலை. யுத்தகாலம், தபாலைச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

 வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டூடியோவைப் பூட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன். பாண்டி பஜார் தாண்டியதும் அவர் நின்று குடையை மடக்கினார்.

"அவளுக்குப் பிரசவம் ஆயிடுத்தோ?"

 அவளைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

"ஆயிடுச்சு சார். பொண்ணு. அஞ்சு நாளாகுது."

"ம்." சாலையைப் பார்த்தார். "பச்சை உடம்பு. மழை வேற." திரும்பி மாம்பலம் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். நாலடி போய் நின்றார். "தஞ்சாவூர்லயே, தங்கையாத்துல, தீபாவளி வரைக்கும் இருக்கப்போறேன். நான் இன்னும் என் ஆத்தைப் பார்க்கலை, தெரிஞ்சுதோ? பார்த்தா அப்புறம் எதாவது சொல்லியாகணும்."

அன்று சாயந்திரமே மயிலாப்பூருக்குப் போனேன். அவள் சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பாதி வழி வரை வந்து திரும்பிவிட்டார், தீபாவளிக்கு அப்புறம்தான் வருவார் என்றேன்.

"அந்தப் படத்தப் பாத்துட்டா?"

"படம் போய்ச் சேரலியாம்."

"அய்யே!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். "செவப்பு கட்டிக்கினு, வவுத்தத் தள்ளிக்கினு, வெயில்ல குந்துனனே! எல்லாம் வீணா போச்சா?"

ஆமாம் என்றேன்.