ஊறுகாய்த் தொழிற்சாலையில் எங்கள் அப்பாக்கள்

காலையில் தேநீர்க் கோப்பையோடு சமையலறைக் கதிரையில் உட்காரும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு ஓடும். சரியாக இந்த இடத்தில்தான் ஒருகாலத்தில் உட்காரக் கூடாது என்று சட்டம் இருந்தது. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நகரத்தின் லாசால் பகுதியில் இன்று வரிசையாக நிற்கும் எங்கள் புது வீடுகளுக்குக் கீழே ஒரு ஊறுகாய்த் தொழிற்சாலை புதைந்துகிடக்கிறது. நம் ஊர் ஊறுகாய் அல்ல, வினாகிரியில் மிதக்கும் பிஞ்சு வெள்ளரிக்காய். அதைப் போத்தல்களில் அடுக்கியபடி ஆறு வருடம் நின்றவள் நான். வீடு காட்ட வந்த விற்பனைக்காரர், "இதுதான் நீங்கள் சாப்பிடப்போகும் இடம்" என்று கையை விரித்தபோது, தெருமுனை மேப்பிள் மரத்தை அடையாளம் வைத்து நான் மனதுக்குள் அளந்து பார்த்தேன். மூன்றாவது வரிசை, என் இடம். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டும் என் கணவர், "வேறை இடமே கிடைக்கேல்லையா உமக்கு?" என்றார். எனக்கு வேறு இடம் வேண்டியிருக்கவில்லை. கால் கடுக்க நின்ற இடத்தில் ஒருமுறை சொந்தக் கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

குடிவந்த முதல் இலையுதிர்காலத்தில் மதாம் ஜினெட் கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர், இந்தப் பகுதி வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். புதிதாக வந்தவர்களுக்கு இந்த மண்ணின் கதை தெரியவேண்டும், அதற்காக ஒரு புத்தகம் போடுகிறோம் என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் சொன்னார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். ஆற்றங்கரைப் பண்ணைகள், பழைய தேவாலயம், கடைசிப் பக்கங்களில் தொழிற்சாலை மூடப்பட்ட நாளில் எடுத்த படம். முன்வரிசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஐந்து தமிழ்ப் பெண்கள், நடுவில் நான்.

படத்துக்குக் கீழே பெயர்கள் இருந்தன. மற்றவர்களுக்கெல்லாம் முழுப் பெயர். எங்களுக்கு மட்டும் ஒற்றைப் பெயர்: செபமாலை, கந்தசாமி, சவரிமுத்து, நாகலிங்கம், அந்தோனிப்பிள்ளை. நான் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்தேன். மதாம் பயந்துபோனார்.

"இவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள், மதாம். எங்கள் அப்பாக்கள்" என்றேன்.

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பாக்களும் இங்கே வேலை செய்தார்களா?" என்று கேட்டார்.

குற்றம் அவருடையது அல்ல. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் கிடையாது. இந்த நாட்டுப் படிவம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட விடாது. எல்லாரையும் போல நானும் அப்பாவின் பெயரை அதில் எழுதிவிட்டு வேலைக்குப் போனேன். எங்கள் வரிசையை மேற்பார்க்கும் போர்மன் கட்டத்தில் இருந்ததைத்தான் கூப்பிட்டார். "சவரிமுத்து, கெதியாய்!" என்று அவர் கத்திய முதல்நாள் நான் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கடற்கரை ஊரான பேசாலையில் அப்பாவைப் பெயர் சொல்லி அதட்ட ஒருவரும் இல்லை. வலைக்கார முதலாளியே "சவரியண்ணை" என்றுதான் கூப்பிடுவார். அம்மா இன்றுவரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கேயோ நாளெல்லாம் என் அப்பா ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள், "சவரிமுத்து, நித்திரையா?" என்று போர்மன் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த போத்தலை வைத்துவிட்டு, "அவர் நித்திரை இல்லை, இந்நேரம் கடலுக்குப் போயிருப்பார்" என்றேன். எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து, அன்போடு தாதியிடம் அனுப்பிவைத்தார்கள். அங்கே அரைமணி நேரம் உட்காரக் கிடைத்தது.

மதாமுக்கு இதெல்லாம் விளங்கியது. ஆனால் படத்தின் பின்பக்கத்தில் போர்மன் கைப்பட எழுதியதுதான் ஆவணம், அதை மாற்றக் குழு சம்மதிக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் சொன்னார். குழுவில் ஒரு பெரியவர், புதிதாகக் குடிவந்த ஒருவரின் பேச்சைக் கேட்டு வரலாற்றைத் திருத்துவதா என்று கேட்டாராம். அந்தப் "புதிதாக" என்னைச் சுட்டது. இந்த வீடுகளுக்கு அத்திவாரம் தோண்டுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே நான் இந்த மண்ணில் நின்றவள். புத்தகம் அச்சாகிவிட்டால் நாங்கள் ஐந்து பேரும் இங்கே இருக்கவே இல்லை என்று ஆகிவிடும். அப்படி விட எனக்கு மனமில்லை.

மற்ற நால்வரையும் கூப்பிட்டேன். மூவர் உடனே ஓம் என்றார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் யோகம்தான் யோசித்தாள். மட்டக்களப்புக்காரி, நாகலிங்கத்தின் மகள்.

"வாறன் ஜெசி. ஆனா எங்கட அப்பாட பேர எடுக்க உடமாட்டன்" என்றாள்.

"உன்ரை பேரைப் போடத்தானே கேக்கிறம்?"

"என்ட பேரையும் போடட்டும். அவர வீட்டில இருந்து கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரல்ல. அவர்ர பேர் எழுதின ஒரு கல்லுக்கூட அங்க இல்ல. இந்தப் புத்தகத்திலயாவது இருக்கட்டும்."

அதுவரை அப்பாவின் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதுவதுதான் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பா உயிரோடு இருந்ததால் எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது. என்னைப் பார்க்க வர அவர் இரண்டு தடவை விசா கேட்டார், இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

குழு கூடிய சனிக்கிழமை, நூலக மண்டபத்தில் ஐந்து பேரும் குளிர்ச் சட்டைகளைக் கழற்றி வைத்தோம். படத்தில் நின்ற அதே ஒழுங்கில் போய் வரிசையாக நின்றோம். கொஞ்சம் பருத்திருந்தோம், யோகத்துக்கு நரை விழுந்திருந்தது. அந்தப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டார். பிறகு பேனையைத் திறந்து, என்னைப் பார்த்து, "சொல்லுங்கள், எப்படி எழுதவேண்டும்?" என்றார்.

வெள்ளரிக்காய் வரிசையில் கற்ற பிரெஞ்சில் ஒவ்வொருவராகச் சொன்னோம். யோகம்மா, நாகலிங்கத்தின் மகள். ஜெசிந்தா, சவரிமுத்துவின் மகள். ஐந்து பெயருக்குப் பத்துப் பெயர் எழுதினார். அவர் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை நாங்கள் நின்றோம். அன்றைக்கு நின்றது எனக்கு வலிக்கவே இல்லை. மதாம் ஜினெட் கைதட்டினார். அவர்களை மெத்றோ ரயிலில் ஏற்றிவிட நடந்தபோது ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பெண்கள் மாதிரிச் சத்தம்போட்டுக் கதைத்துக்கொண்டு போனோம்.

வசந்தகாலத்தில் புத்தகம் எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டிக்கும் வந்தது. ஒரு பிரதியைப் பேசாலைக்கு அனுப்பினேன். ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம், தபாலும் தொலைபேசியும் ஒழுங்காக வேலை செய்தன. புத்தகம் கிடைத்த அன்று அப்பா எனக்கு அழைப்பு எடுத்தார்.

"பிள்ளை, எங்கடை பங்குச் சுவாமியார் வாசிச்சுச் சொன்னவர். இதிலை என்ரை பேர் கிடக்காம். நான் எப்ப அங்கை வந்தனான்?"

"ஆறு வருசம் இஞ்சை வேலை செய்தனீங்கள் அப்பா. உங்கடை பேரிலை நான் நிண்டனான்."

அந்தப் பக்கத்துக் கடற்காற்றுக்கு மேலாக அப்பா குரலை உயர்த்தினார்.

"அப்ப அவங்கள் விசா தராட்டி என்ன," என்றார். "நான் வந்திட்டுத்தானே போயிருக்கிறன்."