‘வந்துரு’ என்று சொல்ல எலப்புள்ளியிலிருந்து மறையூர் மலைக்குச் சைக்கிளில்

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்கு எதற்குச் சைக்கிளில் போகவேண்டும் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாக ‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லிவிடுவேன். இந்தத் தடவை காரணம் வேறு. என் மனைவி சுமதி மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், அரசு தொடக்கப்பள்ளியில் தமிழ் வழி ஆசிரியை. நான் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. அதில் ஒரே வீட்டில் இருந்தது இரண்டு வருடம். கேரளத்தில் தமிழ் வாத்தியார் வேலை என்றால் பாலக்காடு, விட்டால் இடுக்கி. அவளுக்குக் கிடைத்தது இடுக்கி.

பொங்கல் முடிந்த பிறகு மாவட்டம் விட்டு மாவட்டம் மாற விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஸ்தலமாற்றம் என்று எங்கள் பக்கம் எல்லாரும் மலையாளத்திலேயே சொல்வோம். போட்டால் சீனியாரிட்டி போய்விடும். போடாவிட்டால் இன்னொரு வருடம் இப்படியே. திங்கட்கிழமை கடைசி நாள் என்று சுமதி என்றோ சொன்னது என் மண்டையில் இருந்தது. வியாழன் மாலை போனில், “என்னங்க பண்றது, சொல்லுங்க?” என்று கேட்டாள். வழக்கம்போல “உன் இஷ்டம்” என்றேன். உண்மையில் வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லி, டயருக்குக் காற்றடித்துத் தயாராக நிறுத்தியிருந்தேன். இரண்டு நாள் மிதித்துப்போய், எதிரே நின்று, முகத்தைப் பார்த்து ‘வந்துரு’ என்று சொல்வதாகத் திட்டம். நாலு வருடமாகச் சொல்லாததைப் போனிலா சொல்வது என்று எனக்கு ஒரு வீம்பு.

வெள்ளி காலை 5.50க்கு எலப்புள்ளியில் கிளம்பினேன். கொழிஞ்சாம்பாறை வரை 15 கி.மீ. பனி விலகாத வயல்களும் பனைமரங்களும்தான். சாலை ஒரே சமம், கியர் மாற்றவே வேண்டாம். அங்கே இரண்டு இட்லி, ஒரு வடை, டீ, மொத்தம் 45 ரூபாய். அங்கிருந்து கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி 24 கி.மீ. லாரிகள் அதிகம், எட்டு மணிக்குள் தாண்டிவிடுவது நல்லது. எட்டரைக்குத்தான் நான் தாண்டினேன், காதில் ஹாரன் சத்தம் மதியம் வரை போகவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். வாய்க்கால் கரைப் பாதை கொஞ்சம் சுற்று, எனக்கு 38 கி.மீ. வந்தது. பாதி தார், பாதி செம்மண். மெல்லிய டயர் என்றால் இறங்கித் தள்ளவேண்டிய இடங்கள் மூன்று உண்டு. ஆனால் தண்ணீர் கூடவே வருகிறது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மதகுக்கு மதகு துணி துவைப்பவர்கள், தெற்கே நீலமாக ஆனைமலை. அந்த மலைக்குப் பின்னால் எங்கேயோ சுமதி இந்நேரம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் கால் தானாக வேகம் எடுத்தது. நல்ல ஆளைக் கட்டியிருக்கிறாய் என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டதால் மதியம் ஒரு தோப்பில் இரண்டு மணிநேரம் படுத்துத் தூங்கினேன். அப்புறம் ஒரு டயர் பஞ்சர், அதற்கு முக்கால் மணிநேரம். மாலை ஐந்து மணிக்கு ஒரு மதகில் உட்கார்ந்து தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தேன். அவசரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆறேகாலுக்கு உடுமலை. பேருந்து நிலையத்துக்கு அருகே லாட்ஜ், 700 ரூபாய், சைக்கிளை அறைக்குள்ளேயே விட்டார்கள். சுமதி போன் செய்தபோது எடுக்கவில்லை. பேசினால் உளறிவிடுவேன் என்ற பயம்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பி, மெதுவாக ஏறும் சாலையில் 19 கி.மீ. போய் வனத்துறைச் சோதனைச்சாவடியில் நின்றேன். காவலர் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். “உள்ள ரோட்டு மேலயே யானை நிக்குது சார். சைக்கிள விட முடியாது. ஏதாச்சும் வண்டியில ஏத்திட்டுப் போங்க” என்றார். அவர் சொன்னது சரிதான். இந்த வழி வருகிறவர்கள் இதற்குத் தயாராகவே வாருங்கள்.

அரை மணிநேரத்தில் காலி தக்காளிப் பெட்டிகளோடு ஒரு பிக்அப் வந்தது. ஓட்டுநர் பெயர் மாடசாமி, நாற்பது வயதிருக்கும், மறையூருக்கு மேலே எஸ்டேட்டில் குடியிருப்பவர். சைக்கிளைப் பெட்டிகளுக்கு நடுவே கட்டிவிட்டு முன்னால் உட்காரச் சொன்னார். கேரள எல்லையான சின்னாறு வரை ஒரே முட்காடு. யானை சாலையில் இல்லை, லத்தி மட்டும் ஆவி பறக்கக் கிடந்தது. அதைப் பார்த்ததும் காவலரை மனதுக்குள் கும்பிட்டேன்.

“எங்கேருந்து சார் வாரீய?”

“பாலக்காடுங்க.”

“எங்க டீச்சரும் பாலக்காடுதான். எம்புள்ள மூணாப்பு படிக்கா, அவுகிட்டதான். முன்னால இருந்த சார் போன பொறவு ஒண்ணரை வருசம் தமிழ் வாத்தியாரே கெடையாது சார். மலையாள டீச்சர் வந்து உக்காந்துட்டுப் போவாவ. இவுக வந்த பொறவுதான் புள்ளைக வாசிக்குதுவ.” ஒரு வளைவில் கியரை மாற்றினார். “இப்ப போயிருவாவன்னு பேசிக்கிடுதாவ. வீட்டுக்காரரு அங்க கெடந்து, வா வான்னு பிடுங்குதாராம்.”

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாதவனுக்கு இப்படி ஒரு பெயரா! அந்த ஆள் நான்தான் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“அந்தாள ஒங்களுக்குத் தெரியுமா சார்? தெரிஞ்சா ஒரு வருசம் பொறுக்கச் சொல்லுங்க. எம்புள்ள நாலாப்பு முடிச்சிரட்டும்.”

“பார்த்தாச் சொல்றேங்க” என்றேன். சின்னாறில் இறங்கி 200 ரூபாய் நீட்டியபோது நூறை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சின்னாறு முதல் மறையூர் 16 கி.மீ. முழுக்க ஏற்றம். வலப்பக்கம் பள்ளத்தாக்கில் ஆற்றின் சத்தம். எனக்கு இரண்டேகால் மணிநேரம் பிடித்தது. மறையூரில் கரும்புச்சாறு 30 ரூபாய். சந்தனக் காட்டைக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கலாம். அங்கிருந்து எஸ்டேட் வரை இன்னும் 14 கி.மீ., ஏற்றம் விடுவதில்லை. வழி நெடுக அந்தப் பிள்ளையின் நாலாம் வகுப்பை நினைத்தேன், எங்கள் வீட்டில் நான் தனியாகச் சாப்பிடும் தட்டையும் நினைத்தேன். தட்டுத்தான் ஜெயித்தது. நான் அப்படி ஒன்றும் பெரிய மனதுக்காரன் இல்லை.

இரண்டரை மணிக்கு அவள் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, “ஏனுங்க! இதென்னங்க கோலம்!” என்று ஓடிவந்தாள். வெந்நீர் வைத்தாள், சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னேன்.

“சுமதி, நீ வந்துரு. என்னால தனியா இருக்க முடியல. திங்கக்கெழமைக்குள்ள அப்ளிகேசனப் போட்டுரு.”

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“அது நேத்தே முடிஞ்சுதுங்க. சாயங்காலம் அஞ்சு மணியோட. திங்கக்கெழமைங்கறது ஹெச்.எம். மேல அனுப்பறதுக்கு.”

“நீ போடலையா?”

“ஒருபக்கம் சீனியாரிட்டி, ஒருபக்கம் இந்தப் புள்ளைங்க. ரெண்டையும் வெச்சுட்டு முழிச்சுட்டு இருந்தனுங்க. அதுக்குத்தானே உங்களக் கேட்டேன். உன் இஷ்டம்னீங்க. அஞ்சு மணி வரைக்கும் ஸ்கூல் கம்ப்யூட்டர் முன்னாலதான் உக்காந்திருந்தேன். இந்த நாலு வருசத்துல ஒருக்கா வான்னு சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே போட்டிருப்பனுங்க. நம்மளைத் தேடறதுக்கு அங்க ஆருமில்ல போலன்னு நெனச்சுட்டேன்.”

உன் இஷ்டம் என்று சொல்வதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள், என் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே. மாடசாமி சொன்னதைச் சொன்னேன். அவர் மகள் நாலாம் வகுப்பும் சுமதியிடமே படிப்பாள். அதற்காகச் சந்தோஷப்பட முயற்சி செய்கிறேன், இன்னும் சரியாக வரவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மிதித்தது மொத்தம் 126 கி.மீ., வண்டியில் 10. டிசம்பர், ஜனவரி நல்லது. அதற்குமேல் போனால் வெயிலும் காட்டுத்தீயும். உதிரி டியூப் இரண்டு வையுங்கள். காட்டுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். திரும்பும்போது நான் சக்கரங்களைக் கழற்றிச் சைக்கிளைப் பேருந்தின் கடைசி இருக்கையில் போட்டுக்கொண்டு வந்தேன். முதல் நாள் வாய்க்கால் கரையில் தாராளமாக நேரம் எடுத்துக்கொள்ளலாம், அங்கே போய்ச் சொல்ல உங்களுக்கு எதுவும் இல்லையென்றால். இருந்தால் முதலில் போனில் சொல்லிவிட்டு, அப்புறம் கிளம்புங்கள்.

நான் இப்போது தினமும் போனை வைக்குமுன் ‘வந்துரு’ என்று சொல்கிறேன். “எப்படிங்க வர்றது, அடுத்த அப்ளிகேசனுக்கு இன்னும் பதினோரு மாசம் கெடக்குதே” என்பாள். தெரியும் என்பேன். பிறகு, “இன்னொருக்கா சொல்லுங்க” என்பாள்.