மூன்றாவது சலாம்

துபாயில் வேலை பார்த்தபோது கூண்டுச் சண்டை பழகியவன் நான். விடுமுறையில் நன்னிலம் வந்து, மூடிக்கிடந்த ரைஸ்மில் களத்தில் ஒரு போட்டி வைத்தேன். பிடரியில் அடிக்கக் கூடாது என்ற விதியை, விதித்தாளில் நானே பேனாவால் கோடு போட்டு அடித்தேன். "பயந்தாங்கொள்ளிக்குத்தான் தடையெல்லாம்" என்று பேசியதும் நான்தான்.

எதிரே என் பள்ளித் தோழன் ரஹீம். சிலம்பக்காரன், நெஞ்சில் கைவைத்துச் சலாம் செய்துவிட்டுத்தான் தொடங்குவான். அன்றும் செய்தான். என் காலைப் பிடிக்க அவன் குனிந்தபோது, பிடரியில் முழங்கையை இறக்கினேன்.

விழுந்தவன் எழுந்தான். சிரித்தபடி சலாம் வைத்தான். "ஆரம்பிக்கலாமா மாப்ள?"

வீம்பு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"முடிஞ்சிருச்சுடா" என்றேன். தலையாட்டினான். பிறகு அதே சிரிப்பு, அதே சலாம், அதே குரல். "ஆரம்பிக்கலாமா மாப்ள?"

கைதட்டல் நின்றது. மில் கூரையில் புறாக்கள் முனகுவது மட்டும் கேட்டது.

வருடங்கள் ஆகிவிட்டன. ஊருக்கு வந்தால் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போகிறேன். என்னைக் கண்டதும் எழுந்து நெஞ்சில் கைவைக்கிறான். "நீதான்டா ஜெயிச்சே" என்று பொய் சொல்கிறேன். சந்தோஷப்படுகிறான். அவன் அம்மா டீ கொண்டுவருவதற்குள் அது மறந்துபோய், அவன் கை மறுபடியும் நெஞ்சுக்குப் போகிறது.

நான் அடித்த அந்த விதியை முதலில் எழுதியவர் யாரென்று தெரியாது. அவரும் இப்படியொரு சலாமைப் பார்த்திருப்பார்.